ஊதா மையில் பதினொரு பெயர்கள்

1. நேர்முகம்

"உங்கடை வீட்டுக் கேத்திலுக்குள்ளை எப்பவாவது எட்டிப் பாத்தனீரோ?"

வேலைக்கான நேர்முகத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதற் கேள்வி இதுதான். கேட்டவர் செல்வரத்தினம் சேர், யாழ்ப்பாணத்தில் ஒரு கல்வி நிலையத்தின் இரசாயனவியல் விரிவுரையாளர். அது எண்பத்து நான்காம் ஆண்டு. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தும் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. ஒரு பாடசாலை ஆய்வுகூடத்தில் சோதனைக் குழாய் கழுவிக்கொண்டிருந்தேன். அமிலங்களின் சூத்திரங்களை இரவிரவாகப் பாடமாக்கிக்கொண்டு கொக்குவிலில் இருந்து சைக்கிளில் வந்தவளிடம் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது?

"ஓம் சேர். அடியிலை வெள்ளையாச் சுண்ணாம்பு படிஞ்சிருக்கும். அம்மா புளி போட்டுத் தேய்க்கிறவ."

"அதுதான் எங்கடை ஆராய்ச்சி. திங்கட்கிழமை வாரும்."

விஷயம் இதுதான். பழைய கடதாசியில் அமிலம் இருக்கும். அதனால்தான் தாள் மண்ணிறமாகி, தொட்டால் முறிந்து விழுகிறது. அமிலத்தைப் போக்குவதற்கு மற்ற நாடுகளில் தாளைச் சுண்ணாம்பு கரைந்த தண்ணீரில் ஊற வைக்கிறார்கள். அந்தத் தண்ணீரைச் செய்ய அவர்களுக்கு விலையான மருந்தும் வாயுச் சிலிண்டரும் வேண்டும். எங்கள் நிலமோ சுண்ணாம்புக் கல். மழைத் தண்ணீர் அதைக் கரைத்துக் கிணற்றில் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. நாங்கள் கேத்திலில் சுரண்டி எறிகிற அதே சுண்ணாம்பு பழைய ஏடுகளைக் காப்பாற்றுமா என்பதுதான் சேரின் கேள்வி.

இந்தக் கேள்வியை எழுதி அவர் ஒரு வெளிநாட்டு நிதியத்துக்கு அனுப்பியிருந்தார். பழைய கட்டடங்களையும் ஏடுகளையும் பாதுகாக்கும் தொழில்நுட்பத்தில் ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் உதவுகிற நிதியம் அது. முதற் கட்டத்தில் ஆராய்ச்சிக்கு மட்டும் தருவார்கள். அறிக்கை திருப்தியாக இருந்தால் இரண்டாம் கட்டமாக இங்குள்ளவர்களைப் பயிற்றத் தருவார்கள். என் சம்பளமும், ஜப்பான் டிஷ்யூத் தாளும், மையொற்றுத்தாளும், இரண்டு பெரிய பிளாஸ்டிக் தட்டுகளும் அந்த உதவியில் வந்தவை.

2. தண்ணீர் தேடிய மாதங்கள்

முதல் ஆறு மாதம் நான் கடதாசியைத் தொடவேயில்லை. தண்ணீர் பிடித்துக்கொண்டு திரிந்தேன். சுண்ணாம்பு இருக்க வேண்டும், உப்பு இருக்கக் கூடாது. அதைப் பார்க்க வெள்ளிநைத்திரேற்றில் இரண்டு துளி விட்டால் போதும். உப்பிருந்தால் தண்ணீர் பால் போல வெளுக்கும்.

தொண்டைமானாற்றுத் தண்ணீர் தயிராகவே வந்தது. கீரிமலைக் கேணியில் நான் போத்தலில் பிடித்துக்கொண்டிருந்தபோது, குளித்துவிட்டு ஏறிய ஒருவர், "தீர்த்தமோ பிள்ளை? மூடியை இறுக்கி மூடும்," என்று அக்கறையாகச் சொன்னார். நான் ஆராய்ச்சி என்று விளக்கப் போகவில்லை. அந்தப் போத்தலும் ஆய்வுகூடத்தில் வெளுத்தது. "சுவாமி கோவிக்கக் கூடாது. ஆனால் உப்பெண்டால் உப்புத்தான்," என்று சேர் குறிப்பேட்டில் கோடு போட்டார்.

தோட்டக் கிணறுகளில் உரப் பசளை கலந்திருந்தது. கடைசியில் கோண்டாவில் பக்கம், தோட்டங்களுக்கு எட்ட இருந்த ஒரு வீட்டுக் கிணறு எல்லாச் சோதனையிலும் தேறியது. வீட்டுக்காரர் ஒரு சதமும் கேட்கவில்லை. வாரம் இரண்டு தடவை நான் தண்ணீர்க் கான் கொண்டுபோவேன். அவரே துலாவில் அள்ளி நிரப்பிச் சைக்கிள் கரியரில் கட்டியும் விடுவார். அவரைப் போன்றவர்களின் பெயர் அறிக்கைகளில் வருவதில்லை. அந்த மனிதர் இல்லாவிட்டால் எங்களிடம் ஆராய்ச்சியே இல்லை.

வேண்டாத பழைய கணக்குப் புத்தகங்களின் தாள்களில் ஓராண்டு பரீட்சித்தோம். நல்ல பலன் கிடைத்தது. அதன் பிறகுதான் உண்மையான ஏடு ஒன்று எங்களிடம் வந்தது.

3. பதிவேடு

கரையோரக் கத்தோலிக்கக் கோயில் பங்கு ஒன்றின் ஞானஸ்நானப் பதிவேடு அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும் பிறந்த பிள்ளைகளின் பெயர், பெற்றோர் பெயர், ஞானத்தாய் தந்தையர் பெயர் எல்லாம் வெளிநாட்டுக் குருமாரான சுவாமிமாரின் கையெழுத்தில், இலத்தீனில் இருந்தன. பங்குத் தந்தை ஃபாதர் பிலிப் அதைப் பழைய வேட்டியில் சுற்றிக் காரில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

"இது இல்லாட்டி எங்கடை சனத்திலை கனபேர் பிறக்கவேயில்லை எண்டு ஆகிவிடும். அரசாங்கக் கந்தோரிலை பதியாத பிள்ளையள் அந்த நாளிலை எத்தினையோ," என்றார்.

தாளைத் தண்ணீரில் வைக்க முதல் மை கரையுமா என்று பார்க்க வேண்டும். நுனித் தூரிகையால் எழுத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, மையொற்றுத்தாளால் அழுத்தி எடுத்து, நிறம் ஒட்டுகிறதா என்று பார்ப்பது. ஒவ்வொரு தாளிலும் மூன்று இடம். முதல் இருபது தாள்களுக்கும் நான் அப்படியே செய்தேன். எல்லாம் பழைய இரும்பு மை. ஒன்றும் அசையவில்லை.

அறிக்கை அனுப்பும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. போரால் ஊரடங்கு போட்ட நாட்களில் வேலைக்கு வர முடியவில்லை. "கொஞ்சம் கெதியாய்ச் செய்யும்," என்று சேர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். நான் ஐந்து தாளுக்கு ஒரு தாளைச் சோதிக்கத் தொடங்கினேன். அப்படிச் செய்யும்படி சேர் சொல்லவில்லை. நானாகவே எடுத்த முடிவு.

ஒரு புதன்கிழமை காலை, சோதிக்காத ஒரு தாளைத் தட்டில் இறக்கினேன். சில விநாடியில் தாளின் நடுவிலிருந்து ஊதா நிறம் புகை மாதிரி எழும்பியது. நான் தாளைத் தூக்கினேன். அவசரப்பட்டால் கிழியும் என்பதால் மெல்லத்தான் தூக்க முடிந்தது. அதற்குள் தட்டு முழுக்க ஊதா.

மேலே இரும்பு மையில் இருந்த பதிவுகள் அப்படியே இருந்தன. கீழேயும் அப்படியே. நடுவில் பதினொரு பதிவுகள் இருந்த இடத்தில் வெளிறிய ஊதாக் கறைதான் மிச்சம். யாரோ ஒரு சுவாமி சில வாரம் மட்டும் பொறுப்பாயிருந்து, தன் பேனையில் தண்ணீரில் கரையும் அனிலின் மை விட்டு எழுதியிருக்கிறார். ஐம்பது வருடம் மூடிக் கிடந்து அது இரும்பு மை மாதிரியே கறுத்துப் போயிருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

அந்தத் தட்டுத் தண்ணீரை ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. போத்தல்களில் விட்டு மூடி வைத்தேன். அதனால் ஒரு பயனும் இல்லை என்று தெரிந்துகொண்டேதான் செய்தேன்.

4. திரேசம்மா

மறுநாள் நானே ஃபாதரிடம் போனேன். சேரும் வருவதாகச் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன்.

ஃபாதர் முழுவதையும் கேட்டார். சத்தம் போடவில்லை. பதிவேட்டின் பின்பக்கத்தில் அகரவரிசை அட்டவணை இருந்தது. அதில் பெயரும் பக்க எண்ணும் மட்டும் உண்டு. அதைப் பார்த்துப் பதினொரு பெயர்களையும் ஒரு துண்டில் எழுதினார். ஐந்தாவது பெயரில் பேனை நின்றது.

"இந்த மனிசி சனிக்கிழமை சேட்டிபிக்கேற்றுக்கு வருவா. பாஸ்போட் எடுக்கவேணும். மகள் ஜேர்மனியிலை. வேறை பிறப்புப் பதிவு இல்லை," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அவவுக்கு நீங்கள்தான் சொல்லவேணும்," என்றார்.

சனிக்கிழமை வந்தவர் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, நெடுத்த, மெலிந்த பெண். பெயர் திரேசம்மா. கணவர் கடலில் இறந்து நெடுங்காலம். கடதாசிகளைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். பாதியில் அழுதுவிட்டேன்.

"என்ரை பேர் அழிஞ்சு போட்டுதோ?"

"ஓம் அம்மா."

"அம்மாவின்ரை பேரும்?"

"ஓம்."

அவர் கக்கத்தில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்தார். "நான் பிறந்து பத்தாம் மாசம் அம்மா செத்துப்போனா. படமும் இல்லை, ஒண்டும் இல்லை. எனக்குத் தெரிஞ்சு அவவின்ரை பேர் எழுத்திலை இருந்தது அந்தப் புத்தகத்திலைதான்," என்றார்.

பிறகு அவர் ஃபாதரின் மேசையில் இருந்த துண்டைப் பார்த்து, "அதென்ன?" என்றார்.

"உங்களோடை அழிஞ்ச மற்றப் பேர்கள் அம்மா. பதினொருத்தர்."

"வாசி பாப்பம்."

நான் வாசித்தேன். மூன்றாவது பெயரில் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "அலோசியஸ். சின்னனிலை கோயிலிலை என்னோடை புதுநன்மை எடுத்தவன். கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டு கரையிலைதான் இருக்கிறான்." அடுத்த பெயருக்கு, "அவள் மன்னாருக்குக் கலியாணம் கட்டிப் போயிட்டாள். தங்கச்சி இஞ்சை இருக்கிறாள்." கடைசிப் பெயர் வரும்போது அவர் எழும்பிவிட்டார். "கண்ணைத் துடை பிள்ளை. எழுதக் கொப்பி ஒண்டு எடுத்துக்கொண்டு வா. ஆளாளாய்ப் போய்க் கேப்பம்."

அவர் என்னைக் கோபித்திருக்கலாம். மேலிடத்துக்கு எழுதியிருக்கலாம். அதற்கு எல்லா நியாயமும் அவருக்கு இருந்தது. அவர் என்னைக் கூட்டிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார்.

நான்கு சனிக்கிழமை அப்படித் திரிந்தோம். கடலுக்குப் போகத் தடை போட்டிருந்த காலம். அதனால் ஆண்களெல்லாம் வீட்டில் இருந்தார்கள். எல்லாரும் நல்லபடி கதைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அலோசியஸ் வலையிலிருந்து தலை நிமிராமலே, "எங்கடை பேரை அழிச்சுப்போட்டு எங்களிட்டையே வந்து கேக்கிறியளோ?" என்றார்.

"கேக்கவெண்டாலும் வந்திருக்கிறா. ஒளிச்சிருந்தால் உனக்குத் தெரியவும் வராது. கொப்பரின்ரை முழுப் பேரைச் சொல்லு," என்றார் திரேசம்மா.

அலோசியஸ் சொன்னார். தகப்பன், தாய், ஞானத்தகப்பன், எல்லாம் சொன்னார். கடைசியில் தேத்தண்ணியும் தந்தார்.

இதற்கிடையில் சேர் இன்னொரு வழி பிடித்திருந்தார். மை போனாலும் இரும்பு நிப் கீறிய தடம் தாளில் இருக்கும் என்பது அவருடைய எண்ணம். நடுப்பகலில் யன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு, கீறல்களின் நிழல் தெரியும்படி ரோச் லைற்றைத் தாளோடு ஒட்டிச் சரித்துப் பிடித்தோம். வியர்வை தாளில் விழாமல் இருவரும் தலையில் துவாய் கட்டிக்கொண்டோம். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. கீறலும் கடதாசி நாரும் ஒரே மாதிரித்தான் தெரிந்தன. அலோசியஸ் சொன்ன பெயரோடு திரும்பி வந்து பார்த்தபோது, தகப்பன் பெயரின் முதல் எழுத்து கீறலில் எழும்பி நின்றது. அதற்கு அடுத்ததும் தெரிந்தது. பெயர் தெரிந்த பிறகுதான் கீறல் வாசிக்க வந்தது. சனம் சொன்னது சரி என்று தாள் சொன்னது.

திரேசம்மாவின் தாயின் முழுப் பெயரைச் சிறிய தாயார் ஒருவர் சொல்லியிருந்தார். அந்தக் கீறலைப் பார்க்கத் திரேசம்மாவையே ஆய்வுகூடத்துக்குக் கூட்டிவந்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. நான் ரோச்சைப் பிடித்துக்கொண்டு, தொடாமல், எழுத்து எழுத்தாகக் காட்டினேன். "இதுதானோ அம்மா?" என்று கேட்டார். என்னைக் கேட்டாரா, தாயைக் கூப்பிட்டாரா என்று எனக்கு இன்றும் தெரியாது.

திருமணப் பதிவேட்டிலும் கல்லறைகளிலும் தேடி, பத்துப் பதிவுகளை மீட்டோம். பதினொன்றாவது முடியவில்லை. அட்டவணையில் மரியாள் என்று மட்டும் இருந்தது. கீறலும் அந்த இடத்தில் மங்கல்.

"கரையிலை எத்தினை மரியாள். தெரியாட்டித் தெரியாதெண்டு எழுது. பொய்க்கு ஒரு தாய் தகப்பனை எழுதிப்போடாதை," என்றார் திரேசம்மா.

அப்படியே எழுதினேன். நல்ல கடதாசியில், கரையாத காபன் மையில் புதிய தாள் எழுதி, பழைய தாளுக்குப் பக்கத்தில் வைத்தோம். மரியாள் பெயருக்கு எதிரே, "மற்ற விபரங்கள் ஆய்வுகூடத்தின் தவறால் அழிந்தன" என்று எழுதி நான் ஒப்பமிட்டேன். ஃபாதர் ஆயர் இல்லத்துக்கு அறிவித்து அனுமதி எடுத்தார். திரேசம்மாவுக்குச் சேட்டிபிக்கேற்று கிடைத்தது.

5. அறிக்கை

அறிக்கையைச் சேர் ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தார். அந்தத் தாளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

"சேர், ஊதா மை?"

"அது பங்குக்குள்ளை தீர்ந்த விஷயம். அதை அறிக்கையிலை போடத் தேவையில்லை."

"வேறை ஆரும் எங்கடை முறையைப் பாத்துச் செய்தால், அவையளுக்கும் இது நடக்கும் சேர்."

அவர் தட்டச்சு இயந்திரத்திலிருந்து கையை எடுத்தார். "பிள்ளை, நீர் விளங்கிக்கொள்ளும். நிதியத்துக்காரர் இரண்டாம் கட்டத்துக்குக் காசு தந்தால்தான் பயிற்சி. எத்தினை கோயிலிலை, எத்தினை பங்கிலை ஏடுகள் உக்கிக்கொண்டு கிடக்கு. ஒரு தாளைச் சொல்லப்போய் எல்லாத்தையும் விடுறதோ?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. பயிற்சி இல்லாவிட்டால் எனக்கும் வேலை இல்லை. ஆனாலும் அலோசியஸின் முற்றத்தில் திரேசம்மா சொன்னது எனக்குள் கிடந்தது. "நாங்கள் ஒளிச்சால் அவையளுக்குத் தெரியவும் வராது சேர்," என்றேன்.

அடுத்த நாள் காலை என் மேசையில் அறிக்கையின் புதிய அத்தியாயம் இருந்தது. ஏழு பக்கம். சோதனையைக் குறைத்தது, ஊதா நிறம், வீடு வீடாகப் போனது, ரோச் லைற், மரியாள், எல்லாம் இருந்தன. தவறு யாருடையது என்ற இடத்தில், மேற்பார்வையாளரான தன்னுடையது என்று எழுதியிருந்தார். நான் மாற்றச் சொன்னேன். "கெதியாய்ச் செய்யும் எண்டு சொன்னது நான்தானே," என்று சொல்லிவிட்டுக் கடித உறையை ஒட்டினார்.

அறிக்கை போய் எட்டு மாதம் பதில் இல்லை. ரயில் ஓடுவதும் நிற்பதுமாக இருந்த காலம். தபால் எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. முதற் கட்டக் காசு தீர்ந்துகொண்டிருந்ததால் சேர் என் சம்பளத்தில் பாதியைத் தன் கையிலிருந்து தந்துகொண்டிருந்தார். அதை நான் பின்னால்தான் அறிந்தேன்.

பதில் வந்த அன்று சேர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். இரண்டாம் கட்டத்துக்கு உதவுகிறார்கள். ஒரு நிபந்தனை: பயிற்சி மைச் சோதனையிலிருந்து தொடங்க வேண்டும், அதை அந்தத் தாளைக் கையாண்ட தொழில்நுட்ப உதவியாளரே கற்பிக்க வேண்டும். சேர் கற்பிக்கும் இடத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒருவரைக் கேட்டிருந்தார். பட்டம் இல்லாத நான் படிப்பிப்பதா என்று எனக்குக் கால் நடுங்கியது.

"நடுங்கினால் நல்லது. நடுங்கிறவை சோதிச்சுப் பாப்பினம்," என்றார் சேர்.

6. முதல் வகுப்பு

எட்டுப் பேர் வந்தார்கள். நூலகர்கள் மூவர், ஒரு கோயில் கணக்கர், இரண்டு கன்னியாஸ்திரிகள், புத்தகம் கட்டுகிற ஒருவர், ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவர். திரேசம்மாவின் விசா அப்போதும் இழுபட்டுக்கொண்டிருந்ததால் அவரையும் அழைத்தேன். வெட்கப்பட்டுக்கொண்டு கடைசி வாங்குப் பலகையில் இருந்தார்.

நான் அந்தத் தாளைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். தபால் அதிபர், "அப்ப நாங்கள் முதலிலை என்ன செய்யவேணும்?" என்று கேட்டார். நான் தூரிகையை எடுக்கப் போனேன். திரேசம்மா பின்னாலிருந்து, "தண்ணியிலை வைக்க முதல் ஆர் ஆரின்ரை பேர் இருக்கெண்டு வாசியுங்கோ," என்றார்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அது மரியாதைக்குச் செய்யும் ஒரு காரியமாகத்தான் பட்டது. சரி என்று, பதிவேட்டில் இன்னும் நனைக்காத மற்றொரு தாளை நடுவில் வைத்து, ஆளுக்கொரு பெயராக உரக்க வாசிக்கச் சொன்னேன். கன்னியாஸ்திரி ஒருவர் ஆறாவது பெயரில் தடக்கி நின்றார். "மிஸ், இதிலை கை மாறியிருக்கு. 'R' எழுதிற விதம் வேறை," என்றார். குனிந்து பார்த்தோம். அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து ஒற்றி எடுத்தேன். ஒற்றுத்தாளில் நீலம் இருந்தது. அந்தத் தாளை நான் முன்னரே மேலோட்டமாகப் பார்த்து, ஒரே கை, ஒரே மை என்று குறித்து வைத்திருந்தேன்.

திரேசம்மா அடுத்த தை மாதம் ஜேர்மனி போனார். அதன் பின்பு எங்களுக்கு மருந்தும் ஜப்பான் தாளும் வராத ஆண்டுகள் வந்தன. கோண்டாவில் கிணறும், இங்கேயே பயின்ற கைகளும் இருந்தபடியால் வேலை நிற்கவில்லை. தொண்ணூற்றைந்தின் இடப்பெயர்வு வரை நாற்பதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கற்பித்தேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஒவ்வொரு தாளையும் நனைக்க முதல் அதில் உள்ள பெயர்களை ஒன்று விடாமல் உரக்க வாசியுங்கள். கை எங்கே மாறுகிறதோ அங்கே சோதியுங்கள். பிழை வந்தால் அறிக்கையில் எழுதுங்கள், யாருடைய பெயர் அழிந்ததோ அவரிடம் நேரே போய்ச் சொல்லுங்கள். நான் அப்படிப் போனபோது எனக்குக் கிடைத்தது தண்டனை அல்ல. ஒரு மனிசி கொப்பி எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.